மேசை ஈபிஆர் கருவியோடு முதல் நாலு மாதம்: திருகோணமலையிலிருந்து சில எச்சரிக்கைகள்

மேசையில் வைத்துப் பாவிக்கும் ஈபிஆர் கருவியை, அதாவது சோடி சேராத இலத்திரன்களைக் கண்டறியும் இலத்திரன் பரகாந்தப் பரிவுக் கருவியை, தொடப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது ஒருநாளும் வெறுங்கோடு தராது. பொத்தானை அழுத்தினால் ஏதோவொரு வளைகோடு திரையில் வரும். மாதிரி போடாத வெறுங்குழாயை வைத்தாலும் வரும், ஈரக்குழாயை வைத்தாலும் வரும், தலைக்கு மேலே மின்விசிறி சுற்றினாலும் வரும். அந்தக் கோடு மாதிரியுடையதா, குழாயுடையதா, தூசியுடையதா என்று பிரித்தறியத் தெரியாததால் எனக்கு நாலு மாதமும் 60,000 ரூபாய்க்கு மேலும் போனது. கொழும்பிலோ பேராதனையிலோ இருந்திருந்தால் பக்கத்து அறைக்குப் போய் ஒருவரிடம் கேட்டிருக்கலாம். இங்கே கேட்க ஆளில்லை. கையேட்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று வடிவாக எழுதியிருந்தது. எதை நம்பக்கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வரிகளைத்தான் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

தத்துவம் சுருக்கமானது. சோடி சேராத இலத்திரன் ஒரு குட்டிக் காந்தம். அதை வெளிக்காந்தப் புலத்தில் வைத்தால் அதன் சக்தி மட்டம் இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளிக்குச் சரியான நுண்ணலையைக் கொடுத்தால் உறிஞ்சும். 1944 இல் கசானில் சவோய்ஸ்கி முதன்முதலில் கண்டது இதைத்தான். மேசைக் கருவிகளில் பெரும்பாலானவை எக்ஸ் பாண்ட், அதாவது 9.5 ஜிகாஹேர்ட்ஸ் அளவில் வேலை செய்பவை. நுண்ணலையை மாற்றாமல் வைத்துக்கொண்டு காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சுயாதீன மூலிகங்கள், அதாவது சோடி சேராத இலத்திரன் உள்ள மூலக்கூறுகள், எல்லாம் 337 மில்லிடெஸ்லாவை ஒட்டி வந்து நிற்கும். திரையில் தெரிவது உறிஞ்சல் அல்ல, அதன் வகையீடு. ஆகவே ஒவ்வொரு கோடும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை போய்வரும். இவ்வளவும் தெரிந்தால் தொடங்கலாம். தெரியாமல் கெட்டது இதில் ஒன்றுமில்லை, மற்றதில்தான்.

முதல் பிழை கருவியை வைத்த இடம். ஆள் சின்னது என்றாலும் உள்ளே காந்தம் இருப்பதால் இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் பாரம். அதை ஜன்னலோரம் ஆடுகிற இரும்பு மேசையில் வைத்தோம். மேலே மின்விசிறி, பக்கத்தில் இரும்பு அலுமாரி, நேரெதிரே ஏசி. நாலுமே பிழை. கோடு மெல்லிய பல்லுப் பல்லாக நடுங்கியது. மின் இரைச்சல் என்று நினைத்து வயர்களை மாற்றினேன், புவித்தொடுப்பைப் பார்க்க மின்வேலைக்காரரைக் கூப்பிட்டேன். ஒரு கிழமை மினக்கெட்டும் நடுக்கம் போகவில்லை. ஒருநாள் பின்னேரம் ஸ்கான் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. கருவி யூபிஎஸ்ஸில் ஓடியது, மின்விசிறி நின்றது. உதவியாளர் தம்பிதான் முதலில் கண்டான். “சேர், ஃபான் நிண்ட உடன கோடு நேராப் போகுது, பாருங்கோ.” மின்விசிறியின் அதிர்வு கூரை, சுவர், மேசை வழியாகக் குழாய்க்கு வந்து, குழாய் கவிட்டிக்குள், அதாவது நுண்ணலை தேங்கும் உலோகப் பெட்டிக்குள், நுணுக்கமாக ஆடி, கருவி அதைச் சைகை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. பாரமான மரமேசை அல்லது கொங்கிறீற்றுத் தட்டு, கீழே தடித்த இறப்பர், மேலே மின்விசிறி இல்லாத இடம். இது காசில்லாத வைத்தியம், முதல் நாளே செய்துவிடுங்கள். இரும்பு அலுமாரியைத் தள்ளி வையுங்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்ட வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டுங்கள்.

ஏசியின் காற்று நேரே கருவியில் பட்டால் கவிட்டியின் அதிர்வெண் மெல்ல மெல்ல நகரும். காலையில் எடுத்த கோடும் மத்தியானம் எடுத்த கோடும் ஒன்றோடொன்று பொருந்தாது. அதைவிடக் கெட்டது அறையை 18 பாகைக்குக் குளிராக்கி, இரவில் ஏசியை நிற்பாட்டிவிட்டுப் போவது. எங்கள் ஊரின் வாடைக்கால ஈரமும் உப்புக்காற்றும் குளிர்ந்த உலோகத்தில் பனியாகப் படியும். கவிட்டிக்குள் ஈரம் படிந்தால் அதன் கியூ பெறுமானம், அதாவது நுண்ணலையைத் தேக்கி வைக்கும் திறன், விழுந்துவிடும். சைகையும் சேர்ந்தே விழும். இப்போது அறை பகலும் இரவும் 25 பாகை, குழாய் போடும் வாய்க்கு எப்போதும் மூடி, உள்ளே மெல்லிய உலர்ந்த நைதரசன் ஓட்டம். அளக்க முன் கருவியை ஒரு மணித்தியாலம் சூடாக விடுகிறோம். யூபிஎஸ் வாங்கும்போது ஒன்லைன் வகையா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் ஸ்டெபிலைசர் போதாது.

அடுத்தது குழாய். காசு கூடுதலாகக் கரைந்தது இங்கேதான். குவார்ட்ஸ் குழாயின் விலையைப் பார்த்துவிட்டு, கண்ணாடி கண்ணாடிதானே என்று பொரோசிலிக்கேற்றுக் குழாய்கள் வாங்கினேன். என் வேலை கடற்சிப்பித் தூளில். முதல் மாதிரியிலேயே 157 மில்லிடெஸ்லாவில் ஒரு தடித்த சைகை. கணக்குப் போட்டால் ஜீ பெறுமானம், அதாவது அதிர்வெண்ணையும் புலத்தையும் சேர்த்து வரும் அடையாள எண், 4.3. அது இரும்பு மூன்றுக்குரிய (Fe³⁺ அயனுக்குரிய) அடையாளம். சிப்பியில் இரும்பு! மூன்று கிழமை அந்த இரும்பின் பின்னால் திரிந்தேன். உப்புவெளிச் சிப்பி, நிலாவெளிச் சிப்பி, குச்சவெளிச் சிப்பி என்று எல்லாவற்றையும் அளந்தேன்; எல்லாவற்றிலும் ஒரே அளவு இரும்பு. அந்த ஒற்றுமையே என்னை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை, சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் கழுவி வைத்த வெறுங்குழாயைத் தற்செயலாகப் போட்டேன். அதே சைகை, அதே உயரம். சாதாரணக் கண்ணாடியிலும் பொரோசிலிக்கேற்றிலும் இரும்பு கலந்தே இருக்கும், 4.3 இல் வருவது கண்ணாடியின் குரல். அன்றைக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை.

ஆகவே 4 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள, ஈபிஆருக்கென்று செய்த தூய குவார்ட்ஸ் குழாய் குறைந்தது இரண்டு வாங்குங்கள். ஒன்று உடைந்தால் மற்றது. ஒவ்வொரு குழாயையும் வெறுமையாக அளந்து, அதன் கோட்டைக் குழாயின் இலக்கத்தோடு சேமித்து வையுங்கள். கழுவும் முறையிலும் ஒரு கிடங்கு இருக்கிறது. பழைய ஆய்வுகூடப் பழக்கத்தில் சிலர் குரோமிக் அமிலத்தில் ஊறப்போடுவார்கள். குரோமியமே பரகாந்தம், அதாவது சோடி சேராத இலத்திரன் உள்ளது; சுவரில் ஒட்டிக்கொண்டு பிறகு உங்கள் மாதிரியில் தலை காட்டும். கரைப்பானால் அலசி, ஐதான நைத்திரிக் அமிலத்தில் ஒரு இரவு ஊறவிட்டு, அயனகற்றிய நீரில் ஐந்தாறு தரம் அலசி, காயவிட்டால் போதும். கம்பித் தூரிகை வேண்டாம். கையால் பிடிக்கும் இடம் மேல் முனை மட்டும். பேனை அடையாளமும் மேலேதான்.

குழாய் சரியானதும் கருவி சொல்லும் புலம் உண்மையா என்று பார்க்க டிபிபிஎச் வேண்டும். ஊதாக் கறுப்பான தூள், கெடாமல் நிற்கும் மூலிகம். அதில் இரண்டு மூன்று மணியை மெல்லிய நுண்குழாயில் போட்டு அடைத்து, இருட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பல காலம் உழைக்கும். அதன் ஜீ பெறுமானம் 2.0036. மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஒரே சூத்திரம் இது: 71.4477 ஐ ஜிகாஹேர்ட்ஸில் அதிர்வெண்ணால் பெருக்கி, மில்லிடெஸ்லாவில் புலத்தால் பிரித்தால் ஜீ பெறுமானம். 9.45 ஜிகாஹேர்ட்ஸில் டிபிபிஎச் 336.98 மில்லிடெஸ்லாவில் வரவேண்டும். உங்கள் திரையில் 337.30 என்று வந்தால், 0.32 திருத்தம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கே நான் விழுந்த பள்ளம்: அதிர்வெண்ணைக் கொப்பியில் எழுதாமல் புலத்தை மட்டும் எழுதிவைத்தேன். கவிட்டிக்குள் என்ன வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதிர்வெண் மாறும். 9.45 ஆக இருந்தது 9.40 ஆனால் அதே டிபிபிஎச் 335.20 க்கு நகர்ந்துவிடும். முதல் மாதத்துப் பக்கங்கள் முழுக்க அதிர்வெண் இல்லாத எண்கள். கடலை சுற்றத்தான் உதவும்.

பிறகு கரைசல். கரைசலில் அளந்து பழக, கெடாமல் நிற்கும் நைத்ரொக்சைட்டு மூலிகங்களில் டெம்போ மலிவென்று அதை எடுத்தேன். வந்தது ஓகஸ்ட் மாதம், கச்சான் அனலாக வீசுகிற நேரம். பொதியைத் திறந்தால் போத்தலுக்குள் செம்மஞ்சள் குழம்பு, மூடிச் சுற்றில் செந்தூள். டெம்போ 36 முதல் 38 பாகையில் உருகும், அதற்கு முன்பே ஆவியாகிப் பறக்கவும் செய்யும். வெயிலில் நின்ற வாகனத்துக்குள் அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. நிறுத்தால் நிறை நம்பமுடியாது, செறிவும் நம்பமுடியாது. நம்முடைய பக்கத்துக்கு அதன் உறவான டெம்போல்தான் பொருத்தம். அது 70 பாகைக்குக் கிட்டத்தான் உருகும், நீரிலும் நன்றாகக் கரையும். 17.2 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் நீரில் கரைத்தால் 10 மில்லிமோலர். அதில் 100 மைக்ரோலீற்றரை எடுத்து 10 மில்லிலீற்றர் ஆக்கினால் 100 மைக்ரோமோலர். நீரில் மூன்று சமமான கோடுகள், ஒன்றுக்கொன்று 1.7 மில்லிடெஸ்லா இடைவெளியில் வரும். சைகை பெரிதாகட்டும் என்று செறிவைக் கூட்டாதீர்கள். நான் 100 மில்லிமோலரில் போட்டு, மூன்று கோடும் ஒன்றாக உருகிய ஒரு கொழுத்த கோட்டைப் பார்த்துவிட்டு, போத்தல் மாறி வந்துவிட்டது என்று விற்றவரோடு சண்டைக்கே போனேன். மூலிகங்கள் நெருங்கினால் ஒன்றோடொன்று மோதிச் சுழற்சியை மாற்றிக்கொள்ளும், கோடுகள் அகன்று கலந்துவிடும். போத்தல் சரிதான்.

அதற்கும் முன்னால், டெம்போல் நீர்க்கரைசலை 4 மில்லிமீற்றர் குழாயில் நிரப்பிப் போட்ட அன்று கருவி இசையவே மறுத்தது, அதாவது நுண்ணலை கவிட்டியோடு பொருந்தவில்லை. இசைவுப் படத்தில் நடுவே வரவேண்டிய குழி காணாமற் போனது. கருவி பழுதென்று நினைத்து அன்றிரவு நித்திரையில்லை. பழுது நீர்தான். சமையல் நுண்ணலை அடுப்பில் சோறு சுடுகிற அதே காரணம்: நீர் நுண்ணலையைக் குடித்துவிடும். எக்ஸ் பாண்டில் நீர்க்கரைசலுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவு உள்விட்டமுள்ள நுண்குழாய் வேண்டும், அல்லது தட்டைக் கலம். எதனோல், மெதனோலுக்கும் நுண்குழாயே நல்லது. தொலுயீன் போன்றவை என்றால் பெரிய குழாயிலேயே போடலாம்.

நுண்குழாய்க்கு வெளிநாட்டுக்கு எழுதவேண்டியதில்லை. ஆஸ்பத்திரிகளில் இரத்தத்தின் பீசிவீ, அதாவது செங்குழியப் பங்கு, பார்க்கப் பாவிக்கும் நுண்குழாய், 75 மில்லிமீற்றர் நீளம், 1.1 மில்லிமீற்றர் அளவு உள்விட்டம். மருத்துவச் சாமான் கடையில் நூறு நூறாகக் கிடைக்கும். சிவப்பு வளையம் போட்டது உள்ளே ஹெப்பரின் பூசியது, அது வேண்டாம். நீல வளையம் போட்ட வெறுங்குழாயைக் கேளுங்கள். இதுவும் சாதாரணக் கண்ணாடிதான், ஆகவே 157 இல் இரும்பு கத்தும். ஆனால் டெம்போலுக்கு 332 முதல் 342 வரைதான் பார்க்கிறோம், அந்த இரும்பு அங்கே குறுக்கே வராது. இரும்பையே தேடுகிற வேலைக்கு மட்டும் குவார்ட்ஸ் நுண்குழாய். அடிப்பக்கத்தை அடைக்கும் களிமண்ணிலும் இரும்பு உண்டு. அடைப்பு அளக்கும் வலயத்துக்கு வெளியே, குறைந்தது ஒரு சென்ரிமீற்றர் கீழே நிற்கவேண்டும். அடைத்த நுண்குழாயைத் தனியே விடாமல் குவார்ட்ஸ் குழாய்க்குள் இறக்கி அதோடு சேர்த்துப் போடுங்கள். கசிந்தால் குழாய் நனையும், கவிட்டி தப்பும். எந்த உயரத்தில் வைப்பது என்பதற்கு டிபிபிஎச் மணியையே பாவிக்கலாம்: மில்லிமீற்றர் மில்லிமீற்றராக உயர்த்தி, சைகை உச்சத்துக்கு வரும் இடத்தைக் கண்டு, குழாய் தாங்கியில் அந்த அளவைப் பொறித்துவிடுங்கள்.

நுண்ணலை வலு, மொடியுலேஷன் (ஓட்டும்போது புலத்தைச் சிறிதாக ஆட்டும் அளவு), நேரம் ஆகிய மூன்று அமைப்புகளையும் எனக்குப் படிப்பித்தது குசினித் தேயிலைத்தூள். கேலியில்லை. தேயிலைச் செடி மண்ணிலிருந்து மங்கனீசை நிறைய இழுக்கும். தூளை 60 பாகையில் காயவைத்து, குவார்ட்ஸ் குழாயில் மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிரப்பி, 337 ஐ நடுவாக வைத்து 100 மில்லிடெஸ்லா அகலத்துக்கு ஓட்டுங்கள். வலு 3 மில்லிவாற்று, மொடியுலேஷன் 0.5 மில்லிடெஸ்லா, இரண்டு நிமிடம். மங்கனீசு இரண்டின் (Mn²⁺ அயனின்) ஆறு கோடுகள் ஏறத்தாழ 9 மில்லிடெஸ்லா இடைவெளியில் படிக்கட்டு மாதிரி வரும். மூன்றாம் நாலாம் கோட்டுக்கு நடுவே ஒல்லியான ஒரு கோடு தனியாக நிற்கும். அது தேயிலையின் பொலிபீனோல்கள் ஒட்சியேறி உண்டான மூலிகம். இப்போது வலுவை மட்டும் நாலு மடங்காகக் கூட்டிக்கொண்டு போங்கள். வலு நாலு மடங்கானால் சைகை இரண்டு மடங்காக வேண்டும், ஏனென்றால் சைகை வலுவின் வர்க்கமூலத்தோடு போவது. மங்கனீசின் ஆறும் சொன்னபடி வளரும். நடுக்கோடு கொஞ்சம் வளர்ந்து, பிறகு தயங்கி, பிறகு அகலமாகி நின்றுவிடும். அதுதான் நிரம்பல். கொடுக்கும் சக்தியை இறக்கிவைக்க இலத்திரனுக்கு நேரம் போதவில்லை. நான் பல கிழமை எல்லா மாதிரியையும் “சைகை பெரிது” என்று கருவியின் உச்ச வலுவில் ஓட்டி, அந்த உயரங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது புது மாதிரி எதுவானாலும் முதலில் ஐந்து வலுவில் ஓட்டி, வலுவின் வர்க்கமூலத்துக்கு எதிரே உயரத்தைக் குறித்து, கோடு நேராக இருக்கும் பகுதிக்குள்தான் வேலை.

மொடியுலேஷனும் அப்படித்தான். கூட்டினால் சைகை பெரிதாகும், ஒரு கட்டத்துக்குமேல் கோட்டை அதுவே அகட்டிவிடும். கோட்டு அகலத்தின் மூன்றிலொன்றைத் தாண்டாதீர்கள். டெம்போல் கோடு 0.15 மில்லிடெஸ்லா என்றால் 0.05. மூன்றாவது, நேர மாறிலி, அதாவது கருவி இரைச்சலை வழித்துச் சராசரியாக்கும் நேரம். 10 மில்லிடெஸ்லாவை 60 செக்கனில் ஓட்டினால் 0.15 அகலக் கோட்டைக் கடக்க 0.9 செக்கன்தான் ஆகும். நேர மாறிலி அதன் பத்திலொன்றுக்குள், 0.1 செக்கனுக்குள் இருக்கவேண்டும். கூட்டி வைத்தால் கோடு அழகாக வழுவழுப்பாக வரும், ஆனால் பக்கவாட்டில் இழுபட்டு உயரம் குறைந்திருக்கும். அழகான கோட்டைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம். இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால் திரும்பத் திரும்ப ஓட்டிச் சராசரி எடுங்கள். 16 தரம் ஓட்டினால் நாலு மடங்கு தெளிவு.

மூலிகத்தின் அளவைச் சொல்ல உயரம் போதாது. இரண்டு தரம் தொகையிட்ட பரப்பு வேண்டும். அது உயரத்தையும் அகலத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதோடு போவது. ஆகவே மூலிகம் அதே அளவாக இருக்க, கோடு மட்டும் இரண்டு மடங்கு அகன்றால் உயரம் காலாக விழும். தொலுயீனில் கரைத்த மாதிரிகள் நாளுக்கு நாள் “குறைந்துகொண்டு” போனதாக நான் எழுதியது இதனால்தான். குறையவில்லை, கரைந்த ஒட்சிசன் கோட்டை அகட்டியது. ஒட்சிசனும் பரகாந்தம். 15 நிமிடம் நைதரசனோ ஆகனோ குமிழவிட்டு அடைத்தால் சரி. நைதரசன் சிலிண்டருக்குக் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், துறைமுகப் பக்கத்து வெல்டிங் பட்டறை ஆகன்தான் கைகொடுத்தது. கரைப்பான் பறந்து செறிவு கூடாமல் இருக்க, வாயுவை முதலில் அதே கரைப்பான் உள்ள போத்தல் வழியாக விட்டு எடுங்கள்.

தொகையிடும்போது அடிக்கோடு ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் இரண்டாம் தொகையில் அது மலையாகிவிடும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் அதன் அகலத்தின் ஐந்து மடங்காவது வெறும்புலம் விட்டு ஓட்டி, அடிக்கோட்டைத் திருத்திய பிறகே தொகையிடுங்கள். நியமத்துக்கு டெம்போல் 10, 25, 50, 100 மைக்ரோமோலர். ஒரே பெட்டி நுண்குழாய், ஒரே 40 மில்லிமீற்றர் உயரம், ஒரே கரைப்பான். நியமத்தை நீரிலும் மாதிரியை எதனோலிலும் எடுத்தால் கியூ பெறுமானம் வேறுபடும், ஒப்பீடு பிழைக்கும். 40 மில்லிமீற்றர் என்பது சுமார் 38 மைக்ரோலீற்றர். 100 மைக்ரோமோலரில் அந்தத் துளிக்குள் ஏறத்தாழ 2,300 இலட்சம் கோடி தனி இலத்திரன்கள். அதைக் கருவி சுகமாகக் காணும்.

ஆயுள் குறைந்த மூலிகங்களைப் பிடிக்கும் டிஎம்பிஓவைப் பற்றி இரண்டு வார்த்தை. இது இன்னும் நோஞ்சான்: 25 பாகையைத் தாண்டினால் திரவம், வெளியில் விட்டால் மஞ்சள். நிறமற்றதாக இருந்தால்தான் பாவியுங்கள். கழித்தல் 20 பாகையில், சிறு சிறு பங்காக. பரிசோதிக்க ஒரு மில்லிலீற்றரில் 5.7 மில்லிகிராம் டிஎம்பிஓ, அதாவது 50 மில்லிமோலர். அதோடு அப்போதே கரைத்த பெரசு சல்பேற்று 0.1 மில்லிமோலர், கடைசியாக ஐதரசன் பேரொட்சைட்டு 1 மில்லிமோலர். உடனே ஓட்டினால் 1:2:2:1 என்ற உயரத்தில் நாலு கோடு, இடைவெளி 1.49 மில்லிடெஸ்லா. பேரொட்சைட்டு சேர்க்காமலே நாலு கோடு வந்தால் டிஎம்பிஓ கெட்டுவிட்டது, அல்லது தாங்கற் கரைசலில் இரும்பு இருக்கிறது. அந்த வெற்றோட்டத்தை ஒவ்வொரு நாளும் எடுக்கவேண்டும். ஒரு தடவை எடுத்தேன் என்பது கணக்கில்லை.

கடைசியில் சிப்பிக்குத் திரும்பினேன். குவார்ட்ஸ் குழாய், சரியான வலு, எல்லாம் கையில். இரும்பு உரலில் இடித்துக் கெட்ட பாடம் ஏற்கெனவே இருந்ததால் அகேட் கல்வத்தில் மெல்ல அரைத்தேன். பலமாக அரைத்தால் உடையும் பரப்புகளிலேயே புது மூலிகம் பிறந்து ஜீ 2.00 பக்கத்தில் சைகை தரும். அதைப் போக்க ஐதான அசற்றிக் அமிலத்தில் சில நிமிடம் கழுவி, நீரில் அலசி, 40 பாகைக்குள் காயவைக்க வேண்டும். செய்தேன். மங்கனீசின் ஆறு கோடும் ஊசி மாதிரி வந்தன. சிப்பியின் கல்சைட்டுக்குள் கல்சியத்தின் இடத்தில் குந்தியிருக்கும் மங்கனீசு இது. ஆனால் அந்த ஆறும் ஒரு பெரிய மலைச்சரிவில் ஏறி நின்றன. குழாயைக் கால் சுற்றுத் திருப்பினால் சரிவு வேறிடத்துக்குப் போகும். அதே தூளை வேறு குழாயில் போட்டால் சில வேளை சரிவே இல்லை.

திருப்பும்போது மாறுகிறது என்பதுதான் துப்பு. தூள் முழுக்கப் பரவிய பொருளென்றால் குழாயைத் திருப்பினால் ஒன்றும் மாறாது. மாறினால் எங்கோ ஒரு மணி, தானே காந்தமாக நடக்கும் மணி, ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூளை வெள்ளைக் கடதாசியில் கொட்டி, கைவில்லையால் பார்த்தோம். சுண்ணாம்பு வெள்ளைக்குள் மிளகுப் பொடி மாதிரி மூன்று கறுப்பு மணி, ஒன்றில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. தம்பி குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “இது கரையில காலில ஒட்டுற கருமணல் எல்லோ, சேர்.”

வடக்கே புல்மோட்டைக் கரை இரும்பும் தைத்தானியமும் உள்ள இல்மனைற்றுக் கருமணலுக்குப் பேர்போனது. அந்தக் கருமணலும் அதோடு கலந்து வரும் இரும்பு ஒட்சைட்டுகளும் எங்கள் பக்கக் கரைகளில் கோடு கோடாக ஒதுங்கும். சிப்பியின் மடிப்புக்குள் ஒரு மணி இருந்தால் போதும், அரைக்கும்போது அது தூளோடு சேர்ந்துவிடும். இப்போது அரைக்க முன் சிப்பியைப் பல்தூரிகையால் ஓடும் நீரில் தேய்த்து, அரைத்த பின் தூளைக் கடதாசியில் மெல்லிசாகப் பரப்பி, நியோடிமியம் காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி அதன்மேல் மூன்று தரம் மெல்ல நகர்த்துகிறோம். பொலித்தீனைக் குப்பைத்தொட்டிக்கு மேலே பிடித்து உள்ளிருந்து காந்தத்தை உருவினால் கறுப்பு மணிகள் உதிர்ந்துவிடும். காந்தத்தை வெறுமையாக வைக்காதீர்கள். மணி அதில் ஒட்டினால் பிறகு விரலாலும் போகாது, துணியாலும் போகாது. அந்த வேலையைச் செய்கிற மேசை கருவி இருக்கும் அறையில் இருக்கவும் கூடாது. எங்களுடையது இப்போது விறாந்தையில், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற இடத்துக்குப் பக்கத்தில்.